உறைந்த சொட்டு மருந்து

அத்தியாயம் 11

போன வாரம் கரண்ட் போனதோடு நிறுத்தினோம். தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்து, சரிபண்ண ஆள் வராமல், வீடு ஒரு முழு நாள் இருட்டில் கிடந்தது. ஃபிரிட்ஜுக்குள்ளே சாவிக்காரம்மாவின் கண் மருந்து. லேபில் மாட்டிக்கொண்ட மருமகள் அங்கிருந்து மாமனாருக்குப் போன் போட்டு, மருந்து சூடாகவே கூடாது, எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவரும் பார்த்துக்கொண்டார். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதுதான் இந்த வாரம்.

நடுவில் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவிக்காரம்மா மார்க்கெட் வாசலில் சாவி வெட்டுகிறவள். ஒரு மேசை, ஒரு அரம், கொத்துக் கொத்தாகத் தொங்கும் வெட்டாத சாவிகள், அவ்வளவுதான் கடை. சர்க்கரை வியாதி கண்ணின் பின்பக்கம் போய் உட்கார்ந்து விழித்திரையை வீங்க வைத்தது. இடது கண்ணுக்கு ஊசி போட்டார்கள். கண்ணுக்கு உள்ளேயே போடுகிற ஊசி. ஆயிரத்தில் ஒருத்தருக்கு வரும் என்று சொன்ன சீழ் இவளைத் தேடி வந்தது. கண் போயிற்று. ஆயிரத்தில் ஒருத்தர் என்று சொல்கிறவர் எப்போதும் மிச்சம் உள்ளவர்களில் ஒருத்தராகத்தான் இருக்கிறார்.

பிறகு வலது கண்ணும் வீங்க ஆரம்பித்தது. ஊசி என்ற பேச்சை எடுத்தாலே சாவிக்காரம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அப்போதுதான் மருமகள், தான் வேலை பார்க்கும் லேபில் செய்கிற சொட்டு மருந்தைப் பற்றிச் சொன்னாள். இமைக்கு உள்ளே ஒரு சொட்டு விட்டால் போதும், அதுவே கண்ணின் பின்பக்கம் வரைக்கும் போகும். இன்னும் கடைக்கு வராத மருந்து. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரையும் அதில் சேர்த்துவிட்டாள்.

மாமனார் குதித்தார். அவர் குளிர்பதனக் கிடங்கில் மேஸ்திரி. பள்ளிக்கூடத்தைவிடக் கிடங்கில் அதிகம் படித்தவர். எலிக்கு விட்டுப் பார்த்தது போதாதென்று என் பெண்டாட்டிக்கு விடுகிறார்களா என்று கேட்டார். மருமகளுக்கு 'லேப்' என்று பெயரே வைத்துவிட்டார். லேப் வந்தாச்சா, லேப் சாப்பிட்டாச்சா என்றுதான் வீட்டில் பேச்சு. மகன் நடுவில் பேச மாட்டான். அவன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அவனுக்கு எப்படியோ லோடு கிடைத்துவிடும்.

ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது, தூரத்தில் வந்த பஸ்ஸின் நம்பரைச் சாவிக்காரம்மா வாய்விட்டுப் படித்தாள். பக்கத்தில் மாமனார் நின்றிருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் எலிப் பேச்சை எடுக்கவில்லை.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. பழைய பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது பாட்டில் தருவார்கள். அதை எடுத்து வைக்கலாம் என்று காலையில் மருமகள் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

அந்த மருந்து எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீரில் கால் ஸ்பூன் பால் விழுந்த மாதிரி, லேசான நீலத்தோடு, ஒரே சீராக இருக்கும். இப்போது பாட்டிலின் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. அடியில் கொஞ்சம் தங்கியிருந்தது. சாய்த்தால் திரிந்த பால் மாதிரி நகர்ந்தது.

கூடத்தில் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பாட்டிலோடு போய் அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, கரண்ட் போன அன்னிக்கு இதை எங்க வச்சீங்க?"

"கிடங்குல."

"கிடங்குல எந்த ரூம்ல?"

"மூணாம் நம்பர்ல."

கிடங்கில் மூன்று அறைகள். ஒன்றாம் நம்பர் காய்கறிக்கு. கை வைத்தால் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். இரண்டாம் நம்பர் பாலுக்கும் வெண்ணெய்க்கும். மூன்றாம் நம்பர் இறைச்சிக்கும் மீனுக்கும். அங்கே கனத்த கோட்டு போடாமல் யாரும் நுழைய மாட்டார்கள், மூச்சு விட்டால் மீசையில் வெள்ளை படியும். மைனஸ் பதினெட்டு. இந்த அறைகளுக்கு எத்தனையோ முறை மாமனாருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் மருமகள். அதனால் அவர் சொன்ன நம்பர் அவளுக்கு உடனே புரிந்தது.

"உறைஞ்சிருக்கு," என்றாள். "கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு. எடுத்து வந்து கரைய விட்டு, திரும்ப ஃபிரிட்ஜுல வச்சிருக்கீங்க. வாயே திறக்கல."

"கெட்டுப்போகாம வச்சேன். அதுக்கு என்ன வாயத் திறக்கணும்?"

"ஒண்ணாம் நம்பர் ரூம்ல வச்சிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது மாமா."

"உருளைக்கிழங்கு மூட்டைக்கு நடுவுல வைக்கச் சொல்றியா?"

அதன்பிறகு அவள் பேசியதெல்லாம் கோபத்தில் பேசியது என்றாலும் விஷயம் சரிதான். சாதாரண சொட்டு மருந்தை விட்டால், நாலு தடவை கண்ணைச் சிமிட்டுவதற்குள் கண்ணீரோடு ஓடிவிடும். கண்ணுக்குள்ளே போவது சொற்பம். அதனால்தான் லேபில் மருந்தைக் கொழுப்புக்குள் அடைக்கிறார்கள். கண்ணால் பார்க்கவே முடியாத அளவுக்குச் சின்னச் சின்னக் கொழுப்பு உருண்டைகள். அவை கண்ணின் மேல் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊர்ந்து, பின்பக்கத்தில் போய் மருந்தை இறக்கும். தண்ணீர் உறையும்போது ஐஸ் அந்த உருண்டைகளை நெருக்கி நசுக்கிவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், உள்ளே இருந்த மருந்து வெளியே கசிந்துவிடும். பிறகு கரைந்தாலும் கரைந்தது தண்ணீர்தான், மருந்து அல்ல. அந்த உருண்டைகளை ஒரே அளவில் கொண்டுவர, மயிரைவிட மெல்லிய குழாய்களின் முன்னால் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கண் வலித்தவள் இவள்.

மாமனாருக்கு அதில் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. முகம் கறுத்துவிட்டது. அந்த நேரத்தில் 'தெரியாமப் பண்ணிட்டேன்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். சொல்ல வாய் வரவில்லை. வாழ்க்கை முழுக்க ஒரு மீன் கெட்டுப்போனது என்று யாரும் அவரைக் குறை சொன்னதில்லை.

"போன்ல உறையக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"அது சொல்லித் தெரியணுமா?"

"எங்க கிடங்குல உறையலைன்னாதான் கெட்டுப்போகும். நீ படிச்சவ, நீதான் சொல்லணும்."

அது நியாயமான கேள்வி. மருமகளுக்கும் அது தெரிந்தது. தெரிந்ததால்தான் அடுத்த பேச்சு அவ்வளவு கேவலமாக வந்தது.

"வேணும்னே பண்ணீங்க," என்றாள். "ஆரம்பத்துல இருந்தே இந்த மருந்து உங்களுக்குப் பிடிக்கல. ஒழிஞ்சா சரின்னு கொண்டுபோய் வச்சீங்க."

மாமனார் ஒரு காலில் ஷூவோடு எழுந்து நின்றார். கையில் இருந்த இன்னொரு ஷூவைச் சுவரில் விட்டெறிந்தார். மாட்டியிருந்த கடிகாரம் விழுந்து கண்ணாடி உடைந்தது. அடிக்கத்தான் வருகிறார் என்று மருமகள் நினைத்தாள். ஆனால் நகரவும் இல்லை. அவர் அடிக்கவில்லை.

குளியலறைக் கதவருகே சாவிக்காரம்மா ஈரத் தலையோடு நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று இருவருக்கும் தெரியாது.

"அந்த மருந்தைத்தானே இத்தனை நாளா விட்டுக்கிட்டேன்?" என்று கேட்டாள்.

அவள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டாள். கண்ணாடித் துண்டுகளை யாரும் பெருக்கவில்லை.

டாக்சியில் மாமனார் முன்சீட்டில், பெண்கள் இருவரும் பின்னால். பாதி தூரம் போயிற்று. பிறகு மாமனார் ரோட்டைப் பார்த்தபடியே, கரண்ட் போனதால் கெட்டுப்போச்சு என்று சொன்னால் போதும், கிடங்கு கதையெல்லாம் அங்கே அவிழ்க்க வேண்டாம் என்றார். மகன் வயசில் இருக்கும் டாக்டரிடம் நின்று திட்டு வாங்க முடியாது என்றார். மருமகள், பொய் சொல்வதாக இருந்தால் நீங்களே சொல்லுங்கள், என் வாயால் வராது என்றாள்.

சிக்னலில் வண்டி நின்றபோது அவர் குரலைத் தணித்துக்கொண்டார். லேபில் அந்த மருந்து குடம் குடமாக இருக்குமே, ஒரே ஒரு பாட்டில் எடுத்துவந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டார். கேட்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மனிதர் மருமகளிடம் உதவி என்று எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் நம்பர் உண்டு, எடுத்தால் வேலை போகும், அதோடு மருந்தின் பெயரும் கெடும் என்றாள் மருமகள்.

"அவ கண்ணைவிட உன் மருந்து பேரு பெருசா?"

"அந்தக் கண்ணை மூணாம் நம்பர் ரூம்ல கொண்டுபோய் வச்சது நானா?"

"போதும்," என்றாள் சாவிக்காரம்மா. "டிரைவர் கேக்குறாரு."

டிரைவர் அதுவரை அணைத்து வைத்திருந்த ரேடியோவை மரியாதையாகப் போட்டுவிட்டார். சமையல் எண்ணெய் விளம்பரம் ஒன்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர்களோடு வந்தது.

கண் ஆஸ்பத்திரிகளில் வேலைக்கு இருப்பவர்கள் எல்லோரும் மெல்லத்தான் பேசுவார்கள், மெல்லப் பேசினால் காத்திருப்பது தெரியாது என்று நினைப்பு. முதலில் எழுத்துப் பலகை. சாவிக்காரம்மா போன தடவை படித்த வரிக்கு வரவே இல்லை. அதற்கு மேல் வரியிலும் ஒரு எழுத்தை ஊகித்துச் சொன்னாள், தப்பு. பிறகு கண் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு, பெஞ்சில் காத்திருப்பது, மெஷினில் தாடையை வைத்து உள்ளே படம் எடுப்பது. அதன்பிறகுதான் டாக்டர் அறை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். முகத்தில் தூக்கம் போதாத களைப்பு. கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்தாள், விளக்கு வைத்துக் கண்ணைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். கண்ணின் மேல்புறமெல்லாம் சிவந்து கீறின மாதிரி இருக்கிறதே, உறுத்தல் இருந்ததா என்று கேட்டாள்.

இருந்தது என்றாள் சாவிக்காரம்மா.

எப்போதிலிருந்து?

"கரண்ட் வந்ததுக்கு மறுநாள்ல இருந்து. மருந்து விடுற போதெல்லாம் மண்ணு விழுந்த மாதிரி இருக்கும்."

மருமகள் பதறிப்போய், ஏன் அத்தை சொல்லவே இல்லை என்று கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பாட்டிலைப் பார்த்திருப்பேனே என்றாள். மாமனாரும் தன் பங்குக்கு, அதானே என்றார். காலையிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சாவிக்காரம்மா மெஷினிலிருந்து தாடையை எடுத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துகொண்டே போகும்.

"சொன்னா என்ன ஆகும்? இவரு 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்'ம்பாரு. நீ 'நீங்க சரியா விடல அத்தை'ம்ப. ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜெயிப்பீங்க. என் கண்ண வச்சு யாரும் ஜெயிக்க வேணாம்னு பொறுத்துக்கிட்டேன். அது என் தப்பு. மண்ணு விழுந்தது என் கண்ணுல, நான் எதுக்கு உங்க மூஞ்சியப் பாக்கணும்?"

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினார். எங்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது என்று ஆரம்பித்தார்.

"உறைஞ்சு போச்சு டாக்டர்," என்று அவரைத் தாண்டிச் சொன்னாள் சாவிக்காரம்மா. "இவரு வேலை பாக்குற இடத்துல மைனஸ் பதினெட்டுல வச்சாரு. உறையக் கூடாதுன்னு மருமக சொல்லல. கரைஞ்சதுக்கு அப்புறம் நான் விட்டுக்கிட்டேன். நடந்தது இதுதான். வேற யாராவது வேற ஏதாவது சொன்னா கேக்காதீங்க."

டாக்டர் பாட்டிலை வாங்கி விளக்கில் பார்த்தாள். வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தாள். வந்தவள் உட்காராமலே சொன்னாள். கெட்டுப்போன மருந்தை விட்டுக்கொண்டவர்களை இந்தச் சோதனையில் வைத்திருக்க முடியாது. புது பாட்டிலும் தர முடியாது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விழித்திரைக்கு அடியில் மறுபடியும் நீர் கோத்திருக்கிறது. மருந்து போய்ச் சேராததால் கோத்ததா, எப்படி இருந்தாலும் கோத்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் காத்திருக்க நேரம் இல்லை. இன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும்.

மருமகள் விடவில்லை. மருந்து வேலை செய்ததற்கு முந்தைய படங்களே சாட்சி, ஒரு பாட்டில் கெட்டதற்கு மருந்து என்ன செய்யும், நிறுத்துவதாக இருந்தாலும் இன்னொரு பாட்டில் கொடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள் என்று மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சண்டைக்கு நின்றாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்களே அங்கே வேலை பார்க்கிறீர்கள், இந்த விதி உங்களுக்குத் தெரியாதா என்று மட்டும் கேட்டாள்.

தெரியும். அந்த விதியை எழுதிய கூட்டத்தில் மருமகளும் இருந்தாள். ஒழுங்காக மருந்து விடாதவர்களைச் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும் என்று அவளும் தலையாட்டினாள். அன்றைக்கு அது நல்ல விதியாக இருந்தது.

மாமனாருக்கு விதியைப் பற்றிக் கவலை இல்லை. ஊசி என்று காதில் விழுந்ததுமே எழுந்துவிட்டார்.

"ஒரு கண்ணை எடுத்தது பத்தலையா உங்களுக்கு? அன்னிக்கு இவ அண்ணன் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தான், ஊசி ஒண்ணும் பண்ணாதுன்னான். குருடியாக்கி அனுப்புனீங்க. இன்னொண்ணும் வேணுமா? எழுந்திரு, போலாம்."

சாவிக்காரம்மாவின் வலது கையைப் பிடித்து இழுத்தார். மருமகள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது எழுந்து போனால் எல்லாம் முடிந்துவிடும், உட்காருங்கள் அத்தை என்றாள். அவரை அறிவு கெட்டவர் என்றாள். அவர் அவளைக் குடும்பம் கெடுக்க வந்தவள் என்றார். கொலைகாரர் என்றாள். ஆளுக்கு ஒரு கையாக இழுத்ததில் சாவிக்காரம்மாவின் நாற்காலி சறுக்கி மெஷினில் இடித்தது. டாக்டர் மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடுங்க," என்றாள் சாவிக்காரம்மா. "ரெண்டு பேரும்."

எடுத்தார்கள்.

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு டாக்டர் இருந்த திசையைப் பார்த்தாள். விரிந்த பாப்பாவுக்கு டாக்டர் ஒரு வெள்ளை மூட்டமாகத்தான் தெரிந்திருப்பாள்.

"போட்டா பார்வை நிக்குமா?"

"நிக்கத்தான் வாய்ப்பு அதிகம். போன தடவை மாதிரி ஆகவே ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா."

"போடலைன்னா?"

"போயிடும்."

"காலையில இருந்து இதைத்தான் கேக்கணும்னு நினைச்சேன். இதுங்க விட்டாத்தானே." கால் விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. "போடுங்க. இவங்க ரெண்டு பேரும் உள்ள வரக் கூடாது."

ஊசி அறையின் கதவு சாத்திய பிறகு இருவரும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். வேறு இடம் இருந்திருந்தால் அந்தப் பெஞ்சிலும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

"மூணாம் நம்பர்ல ஏன் வச்சேன்னு கேட்டியா நீ?" என்றார் மாமனார், எதிர்ச் சுவரிடம். "ஒண்ணாம் நம்பர் கதவை நாள் முழுக்க லோடுமேன்கள் திறந்து மூடிட்டே இருப்பாங்க. எவனாவது காலால எத்திடுவான். மூணாம் நம்பர்ல விலை ஒசந்த சரக்குதான் வைப்போம். சாவி என்கிட்ட. அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது."

"அதைக் காலையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

"நீதான் வேணும்னே பண்ணேன்னு சொல்லிட்டியே. அப்புறம் என்னத்தச் சொல்ல?"

மருமகளிடம் அப்போது மன்னிப்பு எதுவும் இல்லை. அவர் சொன்னது உண்மை என்று தெரிந்ததில் எரிச்சல்தான் இருந்தது. ஒருத்தர் மேல் முழுசாகக் கோபப்பட முடிந்தால் மனுஷனுக்கு அது ஒரு வசதி. அந்த வசதி போய்விட்டது. நர்ஸ் சீட்டு கொடுத்து மருந்துக் கடைக்குப் போகச் சொன்னபோது, எழுந்து போவதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று வேகமாகப் போய், சொட்டு மருந்துப் பையோடு திரும்பினாள்.

கதவு திறந்தது. வலது கண்ணில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். இடது கண் திறந்துதான் இருந்தது, அதனால் பிரயோஜனம் இல்லை. சாவிக்காரம்மா இப்போது முழு இருட்டில் நின்றாள். ஒரு நர்ஸ் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

கூட வந்தவர்களுக்காக நர்ஸ் ஒப்பித்தாள். பிளாஸ்திரியைச் சாயங்காலம் எடுக்கலாம். எடுத்த உடனே முதல் சொட்டு விட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அடுத்து வரும் நாட்களில் காலையும் மாலையும் யாராவது கண்ணைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சிவப்பு கூடினாலோ, வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ எந்த நேரமானாலும் ஓடிவர வேண்டும். போன கண்ணில் சீழ் வந்தவர் என்பதால் இவருக்கு இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

மாமனாரும் மருமகளும் ஒரே நேரத்தில் எழுந்து கையை நீட்டினார்கள். நீட்டிய கைகள் அவளுக்குத் தெரியவில்லை. காலடிச் சத்தம் கேட்டிருக்கும்.

"சிஸ்டர், வாசல் வரைக்கும் நீங்களே வாங்க," என்றாள். "ஒரு வண்டி பிடிச்சுக் குடுங்க."

வாசலில் நர்ஸ் டாக்சிக் கதவைத் திறந்து, தலை இடிக்காமல் கை வைத்து உட்கார வைத்தாள். மருமகள் அடுத்த பக்கத்துக் கதவுக்கு ஓடினாள். சாவிக்காரம்மா கையால் தடவி உள்பூட்டை அழுத்திவிட்டாள். பூட்டுகளைக் கையால் தெரிந்துகொள்ள அவளுக்குக் கண் வேண்டாம். பிறகு டிரைவரிடம் ஒரு விலாசம் சொன்னாள். தெருப் பெயர் வரைக்கும் சொல்லிவிட்டு, எங்க அண்ணன் வீடு என்றாள். கண்ணாடி ஏற்றியிருந்த பக்கத்தில் நின்ற மருமகளுக்கு விலாசம் காதில் விழவில்லை.

மாமனாருக்கு அது கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. இடது கண் போன அன்றைக்கு இதே ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அண்ணனின் சட்டையைப் பிடித்தவர் அவர். இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன், நீயும் என் வீட்டுப் பக்கம் தலை காட்டாதே என்று நாலு பேர் முன்னால் கத்தினார். அண்ணனும் அப்படியே இருந்துவிட்டார். அண்ணன் தங்கைக்கு நடுவில் போன்கூடக் கிடையாது. வீட்டில் அவர் பேச்சே எடுக்கக் கூடாது என்று சட்டம்.

பாதி இறக்கியிருந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க எதுக்கு? வீட்டுக்கு வா."

"அன்னிக்கு நீங்க டாக்டர்கூடச் சண்டை போட்டீங்க, அண்ணன்கூடச் சண்டை போட்டீங்க. பெஞ்சுல என் பக்கத்துல வந்து உக்காந்து வலிக்குதான்னு கேட்டது அண்ணன் ஒருத்தன்தான். இன்னிக்கும் காலையில இருந்து பாத்துட்டேன். மருந்து கெட்டுச்சா, யாரு கெடுத்தா, யாரு சொல்லல, எல்லாம் கேட்டீங்க. இதை ரெண்டு பேரும் கேக்கல."

அவர் குனிந்தார். பிளாஸ்திரி ஒட்டிய முகத்துக்குக் கிட்டத்தில் வந்து, "வலிக்குதா?" என்றார்.

"இப்பக் கேக்காதீங்க," என்றாள். "கைய எடுங்க, டிரைவர் போகணும்."

எடுத்தார். வண்டி போயிற்று.

இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று ஹாரன் அடித்து அவர்களை ஓரமாக ஒதுங்க வைத்தது. ஒதுங்கும்போதுதான் மருமகள் தன் கையைப் பார்த்தாள். சாயங்காலம் விட வேண்டிய சொட்டு மருந்துப் பை அவள் கையிலேயே இருந்தது. நர்ஸ் சொன்னதெல்லாம் இவர்கள் இருவர் காதில்தான் விழுந்திருக்கிறது. அந்த அண்ணனுக்கு எதுவும் தெரியாது. தங்கை வருகிறாள் என்பதே தெரியாது.

"மாமா, அந்த வீடு எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"விலாசம் சொல்லுங்க. நான் போறேன்."

அவர் சொல்லவில்லை. மருமகள் அடுத்து வந்த டாக்சியை நிறுத்தினாள். பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டு, கதவைச் சாத்தாமல் வைத்திருந்தாள். மாமனார் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கோபத்தோடு முன்கதவைத் திறந்து, உட்கார்ந்து, வண்டியே ஆடுகிற மாதிரி அறைந்து சாத்தினார்.

டிரைவர் மீட்டரைத் தட்டிவிட்டு எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

மாமனார் வாயைத் திறக்கவில்லை. பின்சீட்டில் இருந்தவளும் கெஞ்சவில்லை, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பிடரியையே முறைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் இன்னொரு தடவை கேட்டார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.